உள்பக்கம் கட்டிய கருப்புக் கயிறு

தம்பி தங்கச்சிகளே, புதுசாக ஸ்பேனர் பிடிக்க வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவம் ஒன்றை எழுதச் சொன்னார்கள். சொல்லும்போதே, "கொஞ்சம் அடக்கமா எழுதுங்க மேஸ்திரி" என்றும் சொல்லிவிட்டார்கள். அடக்கமெல்லாம் படிச்சவங்களுக்கு. அஞ்சாங்கிளாசோடு நின்றவன் அடக்கமாக இருந்தால், அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது.

பண்ருட்டியில் ஒரு லாரி ஷெட்டில் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவ ஆரம்பித்தவன் நான். இருபத்தஞ்சு வயசில் வடக்குத்தில் ஒரு முந்திரி மரத்தடியில் சொந்தமாகக் கடை போட்டேன். மரம் போய் ஷெட் வந்தது, மண் தரை போய் சிமெண்டுத் தரை வந்தது. நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப் குவாட்டர்ஸிலிருந்து எத்தனையோ இன்ஜினியர்கள் வந்து என் மர ஸ்டூலில் உட்கார்ந்து, தங்கள் வண்டிக்கு என்ன கோளாறு என்று என்னிடம் கேட்டுக்கினு போயிருக்கிறார்கள். என் ஷெட்டிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் பின்சக்கரத்து மட்கார்டு ரப்பரில் என் பேரை வெள்ளைப் பெயிண்டில் நானே எழுதுவேன். எழுத்து கோணலாக இருக்கும், வேலை கோணலாக இருக்காது. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கினு இருந்தேன், அந்த ஜீப் வருகிற வரைக்கும்.

பத்துப் பதினோரு வருசம் ஆகிறது. காடாம்புலியூர் முந்திரிக்கொட்டை முதலாளி ஒருவர், சுரங்கத்தில் கான்ட்ராக்டுக்கு விடுவதற்காக நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய ஜீப் ஒன்று வாங்கினார். ஷிப்டு மாறும்போது சூப்பர்வைசர்களைச் சுரங்கப் பள்ளத்தின் அடிவரைக்கும் இறக்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு வரணும். மழைக்காலத்தில் அந்தக் களிமண் மனுசன் செருப்பையே பிடித்து வைத்துக்கொள்ளும், வண்டியை விடுமா? வயிறு தட்டி நின்றுவிடும். அதனால் வண்டியை உயரம் தூக்கணும் என்றார் முதலாளி. அவர் மகன் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து உயரமான ஸ்பிரிங், தடியான ஷாக் அப்சார்பர், கூடவே பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு நிற்கிற தடிச் சக்கரம் நாலு, எல்லாம் வாங்கி இறக்கிவிட்டான்.

சுரங்கத்து கேட்டில் சக்கரத்தைப் பார்த்தார்கள். வண்டியோடு கம்பெனி கொடுத்த சக்கரம்தான் இருக்கணும், வேறு சக்கரமோ, சக்கரத்துக்கும் அது மாட்டுகிற இடத்துக்கும் நடுவில் தட்டோ போட்டால் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் அவர்களுடையது, அதில் தப்பு சொல்ல முடியாது. ஆக, தடிச் சக்கரம் திரும்பப் போனது, ஸ்பிரிங் மட்டும் நின்றது. கம்பெனி சக்கரம், வெளி ஸ்பிரிங். பொண்ணு ஒரு ஊர், மாப்பிள்ளை ஒரு ஊர். பொருத்தம் பார்க்க வேண்டியவன் நான்.

இதில் ஒருத்தன் பிழைப்பும் மாட்டிக்கினு இருந்தது. டிரைவர் கலியமூர்த்தி. வடக்குத்துக்காரன், பதினோரு வருசம் சுரங்கத்தில் கான்ட்ராக்டு வண்டி ஓட்டியவன். பழைய கான்ட்ராக்டு முடிந்து நாலு மாசமாக வூட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் பொஞ்சாதி அஞ்சலை, அந்த முதலாளியின் கொட்டகையில்தான் முந்திரி உடைக்கிறாள். அவள் கேட்டு வாங்கிய வேலை இது. வண்டி புதனிலிருந்து சனி வரைக்கும் நாலு நாள் சோதனைக்கு ஓடணும். ஞாயிறு லீவு. திங்கட்கிழமை, சேஃப்டி அதிகாரி ஆளை ஏற்றி, பள்ளத்தில் இறக்கிப் பார்ப்பார். பாஸானால் ரெண்டு வருசம் கலியமூர்த்திக்கு ஸ்டியரிங். ஃபெயிலானால் வரிசையில் அடுத்து நிற்கிற வண்டிக்குப் போய்விடும், அந்த வண்டிக்கு ஏற்கெனவே ஒரு டிரைவர் இருக்கிறான். பர்மனென்ட்காரனுக்கு வண்டி நின்றால் ஓய்வு. கான்ட்ராக்டுக்காரனுக்கு வண்டி நின்றால் அடுப்பு நின்றுவிடும்.

மாட்டின விவரமெல்லாம் உங்களுக்கு வேண்டாம், ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி சக்கரம் உள்ளே தள்ளி உட்காரும். புது ஸ்பிரிங்கைத் தாங்குகிற தட்டு பழையதைவிட அகலம். டயரின் உள்பக்கத்துக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவில் இடைவெளி குறைந்துபோகும். அதைக் கவனிக்காத முட்டாள் இல்லை நான். வண்டியைச் சிமெண்டுத் தரையில் இறக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முழுசாகத் திருப்பி, இடைவெளியில் என் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தேன். போனது. விரல் போனால் வண்டி போகும், அதுதான் என் கணக்கு. படித்தவர்கள் அதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆண்டவன் கையோடு கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

பக்கத்தில் குந்திக்கொண்டிருந்த கலியமூர்த்தி, "இங்க தரை சமமா இருக்குதே மேஸ்திரி" என்றான்.

"உன் வூட்டு வாசலை விட சமந்தான். அதுக்கு என்னா இப்போ?"

அவன் சொன்னதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. டிரைவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் யோசித்துக்கினு நின்றால், மேஸ்திரி எப்போது மேஸ்திரியாக இருப்பது?

வண்டி எடுக்கிற அன்றைக்கு அஞ்சலை வந்தாள். கையில் கருப்புக் கயிறு. கண்ணு படாமல் இருக்க முன்னால் பம்பரில் கட்டுவார்களே, அது. கலியமூர்த்தி வேண்டாம் என்றான். கேட்டில் முன்னால் எதுவும் தொங்கக் கூடாது, எலுமிச்சம்பழம், மிளகாய், பொம்மை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அஞ்சலை ஒரு நிமிசம் வண்டியைச் சுற்றி வந்தாள். முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, என் புது ஸ்பிரிங் தட்டைச் சுற்றி இறுக்கமாக ஒரு முடிச்சு போட்டாள். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. "வெளிய தெரிஞ்சாத்தான அவங்க கழட்டச் சொல்லுவாங்க" என்றாள். நான் மட்கார்டில் என் பேரை எழுதி முடித்துவிட்டு, சிரித்துக்கினு வழியனுப்பினேன்.

புதன்கிழமை வண்டி ஓட ஆரம்பித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் இடப்பக்கக் கயிறு அறுந்து கிடந்தது.

இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன். கயிறு அறுந்ததைக் கேட்டதும் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கண்ணு பட்டிருக்கிறது என்றால் வேலை அப்படி. முதலாளியும் அதையே சொன்னார். வண்டி பள்ளத்தில் இறங்குகிற அழகைப் பார்த்து மற்ற கான்ட்ராக்டுக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்களாம். எனக்கு வேறு ஒரு சந்தேகம். கூட்ரோட்டில் எனக்குப் போட்டியாக ஷெட் வைத்திருந்தவன், அந்த வாரம் மொபெட்டில் என் வாசல் வழியாக ரெண்டு தடவை போனான். ரெண்டு தடவையும் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அவன் கண்ணு கொள்ளிக்கண்ணு என்று ஊருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் அஞ்சலை ரெட்டைப் புரியாகத் திரித்த கயிறு கட்டினாள். நான் என் செலவில் பூசணிக்காய் வாங்கி, வண்டியைச் சுற்றி, கேட்டுக்குப் போகிற ரோட்டில் உடைத்தேன். உடைக்கும்போது போட்டிக்காரன் பேரை மனசுக்குள் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை அந்த ரெட்டைக் கயிறும் அறுந்தது. அதே இடப்பக்கம். வலப்பக்கத்தில் முதல் நாள் கட்டியது கட்டியபடி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு கலியமூர்த்தி வண்டியோடு ஷெட்டுக்கு வந்தான். இறங்கி வந்து, அறுந்த கயிற்றை என் ஸ்டூல் மேல் வைத்தான்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு."

"கண்ணு வெக்கிறவன் எப்பவும் இடப்பக்கமே நிப்பானா?"

எனக்குக் கோபம் வந்தது. நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் கயிற்றைக் கையில் எடுத்தேன். எடுத்தவன் திட்டவில்லை. இழுத்து அறுந்த கயிற்றுக்கு முனை பிசிறு பிசிறாக இருக்கும். இது சப்பையாக, பளபளவென்று, இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. மோந்து பார்த்தேன். ரப்பர் வாசனை.

சக்கரத்தைக் கழற்றினேன். டயரின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். யாரும் பார்க்காத பக்கம் அது, கழுவுகிறவன்கூடப் பார்க்க மாட்டான். அதில் வட்டமாக ஒரு கோடு, என் நகம் உள்ளே இறங்குகிற ஆழத்துக்கு. இன்னும் ரெண்டு மூணு நாள் ஓடியிருந்தால் அந்தக் கோட்டிலேயே டயர் பிளந்திருக்கும். பிளக்கும்போது வண்டியில் கலியமூர்த்தியும், அவனை நம்பி ஏறிய ஆறு பேரும் இருந்திருப்பார்கள்.

எங்கே உரசியது என்று கேட்டேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பள்ளத்தில் இறங்கும்போது எதிரே டிப்பர் வந்தால் இவன் இடப்பக்கம் ஒதுங்கணும். அந்த ஓரத்தில் தண்ணீர் போகிற வாய்க்கால். இடச் சக்கரம் அதில் இறங்கித் தொங்கும். அதே இடத்தில் வளைவு, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பணும். சக்கரம் தொங்கி, முழுசாகவும் திரும்பினால், டயர் சாய்ந்து தட்டைத் தொடும். என் சிமெண்டுத் தரையில் வாய்க்கால் ஏது? என் விரல் அங்கே போனது சரிதான். பள்ளத்தில் போகவில்லை. அங்கே போயிருந்தால் இன்றைக்கு எனக்கு ஒன்பது விரல்.

ஆக, மூணு நாளாக அந்தக் கயிறு என்னிடம் சொல்லிக்கினே இருந்திருக்கிறது. நான் அதற்குப் பூசணிக்காய் உடைத்துக்கினு இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை சோதனை. பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டினால் வண்டி களிமண்ணில் வயிறு தட்டும், ஃபெயில். வேறு சக்கரம் கூடாது. என் கையில் சுலபமான வழி ஒன்று இருந்தது. சக்கரத்துக்கும் அது மாட்டுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு இஞ்சு கனத்துக்கு அலுமினியத் தட்டு போட்டால், சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், உரசாது. கேட்டில் கூடாது என்று சொன்ன அதே தட்டு. ஆனால் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? மத்தியானத்துக்குள் ரெண்டு தட்டு தேடிப் பிடித்து மாட்டிவிட்டேன். அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. தெரியாமல் இருக்கக் கருப்புப் பெயிண்டு டப்பாவை எடுத்து, குந்திக்கினு பூச ஆரம்பித்தேன்.

பாதி பூசியிருப்பேன். தலையைத் திருப்பினால், பின்சக்கரத்து மட்கார்டில் என் பேர் வெள்ளையாக நின்றது. வாழ்நாள் பூரா, நான் செய்த வேலையை நாலு பேர் பார்க்கணும் என்று வெள்ளைப் பெயிண்டு அடித்தவன். அன்றைக்கு முதல் தடவையாக, யாரும் பார்க்கக் கூடாது என்று கருப்புப் பெயிண்டு அடித்துக்கினு இருந்தேன். சொன்னால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, நியாயமும் அநியாயமும் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. இந்த வேலையைப் பற்றி நாளைக்கு டீக்கடையில் பெருமை பேச முடியாதே என்று தோன்றியது. பேச முடியாத வேலையை நான் எதற்குச் செய்யணும்?

அதனால் உங்களுக்கு நான் சொல்கிற புத்தி, மற்றவர்கள் சொல்கிற புத்திக்கு நேர் எதிர். தற்பெருமை பிடித்தவனாக இருங்கள். அடக்கமானவன் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பான். பெருமைக்காரனால் அது முடியாது.

தட்டைக் கழற்றினேன். ஸ்டியரிங் இவ்வளவுதான் திரும்பணும் என்று தடுத்து நிறுத்துகிற போல்ட்டு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் வெளியே நீட்டிவைத்தேன். கூடாது என்று யாரும் சொல்லாத வழி அது. சக்கரம் முழுக் கோடிக்குப் போகாது, உரசாது. தேய்ந்த டயரைத் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை மாட்டினேன். இந்தத் தடவை சிமெண்டுத் தரையை நம்பவில்லை. ஷெட்டுக்கு வெளியே சாக்கடைக்குக் குழி வெட்டியிருந்தார்கள். இடச் சக்கரத்தை அதில் இறக்கி, ஸ்பிரிங் தட்டின் மேல் நிலக்கரித் தூளைத் தண்ணீரில் குழைத்து அப்பி, ஸ்டியரிங்கைத் திருப்பினேன். பூசின கரி பூசினபடி இருந்தது, டயரில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முன்னே ஒரே மூச்சில் திரும்பின வளைவில், இனி ஒரு தடவை பின்னால் எடுத்துத் திருப்பணும். டிப்பர் வருகிற இறக்கத்தில் ரிவர்ஸ் எடுக்கிற வண்டியை சேஃப்டிக்காரர் பாஸ் பண்ணுவாரா என்பது எனக்குத் தெரியாது. இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லாமல் இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கலியமூர்த்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விவரத்தைச் சொன்னேன். பிழைப்பு அவனுடையது, என்னுடையது இல்லையே.

"அந்தத் தட்டையே போட்டு சொல்லாம இருந்தா பாஸ் ஆயிடுமா மேஸ்திரி?"

"ஆயிடும்."

"சொன்னா?"

"தெரியாது."

கழற்றிப் போட்ட டயரின் கோட்டில் அவன் விரலை வைத்துத் தடவிக்கினே இருந்தான். அப்புறம் சொன்னான்: "வூட்ல சும்மா உக்காந்து எனக்குப் பழக்கம் ஆயிடுச்சுங்க. டயர் வெடிச்ச வண்டியில உக்காந்து பழக்கம் இல்ல. சொல்லிடுங்க."

அன்றைக்கு அஞ்சலை மூணாவது கயிறு கொண்டுவந்தாள். அதே இடத்தில் கட்டச் சொன்னேன். இந்தத் தடவை நானே டார்ச் பிடித்தேன்.

திங்கட்கிழமை காலையில் கேட்டில் நானும் போய் நின்றேன். சேஃப்டி அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்து மனுசர். ஒல்லி, வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம். அவர் வண்டியைச் சுற்றி வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன். என்ன மாட்டினேன், எங்கே தப்பு பண்ணினேன், இப்போது எதை நீட்டியிருக்கிறேன், எந்த வளைவில் பின்னால் எடுக்கணும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கினே இருந்தார்.

அதிகாரி கையிலிருந்த பேப்பரை மடித்துக்கொண்டு கேட்டார். "கேக்காமலே ஏன் சொல்லுதீரு?"

"நான் சொல்லலன்னா அந்தக் கயிறு சொல்லிடும் சார்."

எந்தக் கயிறு என்றார். காட்டினேன். இங்கே எதுவும் தொங்கவிடக் கூடாது தெரியாதா என்றார். தொங்கவில்லை சார், கட்டியிருக்கிறது, டயர் கிட்டே வந்தால் முதலில் இதுதான் அறும் என்றேன். வெள்ளைச் சட்டையோடு தரையில் முட்டி போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து, மணல் மூட்டையும் ஆளும் ஏற்றச் சொன்னார். தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

நான் கேட்டிலேயே நின்றேன். என்னை உள்ளே விடமாட்டார்கள். ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாரிடமும் எந்தப் பெருமையும் பேசவில்லை. வாட்ச்மேன்கூட, "உடம்பு சரியில்லைங்களா மேஸ்திரி?" என்று கேட்டார்.

உள்ளே நடந்ததைக் கலியமூர்த்தி அப்புறம் சொன்னான். அந்த வளைவில் மூணு தடவை இறங்க வைத்தாராம். மூணு தடவையும் வாய்க்காலில் சக்கரத்தை விட்டு, பின்னால் எடுத்துத் திருப்ப வைத்தாராம். ஒரு தடவை மேலே டிப்பரை நிறுத்திவைத்துப் பார்த்தாராம். வண்டி மேலே ஏறி வந்ததும், சேறு வழிய வழிய அவர் முதலில் குனிந்தது அந்த இடப்பக்கச் சக்கரத்துக்குத்தான். களி அப்பின முடிச்சை விரலால் வழித்துப் பார்த்தார். கயிறு இருந்தது.

பேப்பரில் இங்கிலீசில் என்னமோ எழுதினார். கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே போனார். அங்கே நின்ற ஒரு பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். வண்டி பாஸ். அந்த வளைவில் சின்ன வண்டிகள் எல்லாம் நின்று, ஹாரன் அடித்து, ஒரு ஆள் இறங்கிக் கைகாட்டித்தான் பின்னால் எடுக்கணும். இந்த வண்டிக்கு, இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் கட்டியிருக்கும் 'வேர் இண்டிகேட்டர்', அதாவது தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம், ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்னாலும் பார்க்கப்படணும். அறுந்திருந்தால் வண்டி இறங்கக் கூடாது.

அஞ்சலை கட்டினபோது அது கருப்புக் கயிறு. சார் எழுதினதும் அது வேர் இண்டிகேட்டர்.

கலியமூர்த்தி ரெண்டு வருசம் அந்த வண்டியை ஓட்டினான், அதற்கப்புறம் இன்னொரு ரெண்டு வருசம். அந்த ஜீப்பைப் பார்த்து மற்ற கான்ட்ராக்டுக்காரர்களும் வண்டியைத் தூக்கினார்கள், கயிறும் கட்டினார்கள். கூட்ரோட்டுப் போட்டிக்காரன் ஒரு வண்டிக்குக் கயிற்றை முன்பம்பரில் அழகாகத் தொங்கவிட்டு அனுப்பினான். கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், உள்ளே கட்டிக்கினு வா என்று. அன்றைக்கு நான் மூணு டீ குடித்தேன்.

அஞ்சாங்கிளாஸ் படித்தவன் கண்டுபிடித்தது சேஃப்டி பேப்பரில் ஏறியிருக்கிறது என்று ஊர் பூரா சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். கண்டுபிடித்தது நீங்க இல்லையே என்று கலியமூர்த்தி ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை. அது அவன் மரியாதை.

ஆனால் அஞ்சலைக்காவது விசயத்தைப் புரியவைத்துவிடணும் என்று ஒரு நாள் காடாம்புலியூர் கொட்டகைக்குப் போனேன். வரிசையாகப் பெண்கள் குந்திக்கினு முந்திரி உடைத்துக்கினு இருந்தார்கள். கொட்டை ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் வெந்துவிடாமல் இருக்கக் கையெல்லாம் சாம்பல். அஞ்சலை எதிரில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, நல்லபடியாக விளக்கினேன். கண்ணும் இல்லை, கொள்ளியும் இல்லை தாயி, சக்கரம் உள்ளே தள்ளி இருந்தது, தட்டு அகலம், வாய்க்காலில் சக்கரம் தொங்கினது, டயர் சாய்ந்தது, அதான் கயிறு அறுந்தது என்று கையால் படம் போட்டே காட்டினேன். பக்கத்துப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அஞ்சலை வேலையை நிறுத்தவில்லை. முடிவில் தலையை நிமிர்த்தி, "வண்டிக்கும் அதுல போறவங்களுக்கும் ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு கட்டுனேங்கண்ணா" என்றாள். "ஒண்ணும் ஆவல இல்ல?"

அவள் அடுத்த கொட்டையை எடுத்து உடைத்தாள்.